ஜூனின்யோ: ஃப்ரீ கிக்கைக் கற்கத்தக்க கலையாக்கிய ஆட்டக்காரர்

கால்பந்து இடைவிடாத ஓட்டத்தின் ஆட்டம். அதில் பந்து அசையாமல் நிற்க, உதைப்பவர் எவருடைய இடையூறும் இன்றித் தொலைவையும் கோணத்தையும் கணித்துக்கொள்ளச் சில நொடிகள் வாய்க்கும் தருணங்கள் மிகக் குறைவு. அத்தருணங்களுள் தலையாயது ஃப்ரீ கிக். எதிரணி வீரர் ஒருவர் முறைகேடாக இடித்தாலோ, காலை இடறிவிட்டாலோ, பந்தைக் கையால் தடுத்தாலோ, அத்தவறு நிகழ்ந்த இடத்திலிருந்து பந்தை உதைக்கப் பாதிக்கப்பட்ட அணிக்கு நடுவர் வழங்கும் உரிமையே ஃப்ரீ கிக் எனப்படுகிறது. உதைத்த பந்து வேறு எவர் மீதும் படாமல் நேரே கோலுக்குள் சென்றாலும் செல்லும் என்ற வகை நேரடி ஃப்ரீ கிக் என்றும், இன்னொருவர் தொட்ட பிறகே கோலாக ஏற்கப்படும் வகை மறைமுக ஃப்ரீ கிக் என்றும் வழங்கப்படுகின்றன.

நேரடி ஃப்ரீ கிக் ஒன்றின்போது எதிரணியினர் பந்திலிருந்து குறைந்தது 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த எல்லையில் நான்கைந்து வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று கோலின் ஒரு பகுதியை மறைப்பதைத் தடுப்புச் சுவர் என்பர். மறுபகுதியைக் கோல்கீப்பர் காப்பார். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோலில், இவ்விரு காவல்களுக்கும் அகப்படாத சிறு இடத்தைத் தேடிப் பந்தைச் செலுத்துவதே உதைப்பவரின் பணி. உலகின் சிறந்த ஆட்டக்காரர்களே பல முயற்சிகளுக்கு ஒருமுறைதான் அதில் வெற்றி பெறுகிறார்கள்.

இத்தகைய அரிய செயலைத் தம் வாழ்நாள் உழைப்பின் மையமாக்கிக்கொண்டவர் பிரேசில் நாட்டின் ஜூனின்யோ பெர்னம்புகானோ. நடுக்கள ஆட்டக்காரரான அவர் தம் தொழில்முறை வாழ்வில் நேரடி ஃப்ரீ கிக்குகளால் மட்டும் 77 கோல்கள் அடித்தார் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் கணக்கு. அதைக் காட்டிலும் முக்கியமானது, பிறவி வரம் என்று கருதப்பட்டுவந்த ஒரு திறமையை முறையான பயிற்சியால் கைவரக்கூடிய நுட்பமாக அவர் மாற்றிக் காட்டியதும், அந்நுட்பம் அவரிடமிருந்து உலகின் பல அணிகளுக்குப் பரவியதும் ஆகும்.

ரெசிஃபியிலிருந்து ரியோவுக்கு

அன்டோனியோ அகஸ்டோ ரிபெய்ரோ ரெய்ஸ் ஜூனியர் என்ற முழுப்பெயர் கொண்ட ஜூனின்யோ, பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பெர்னம்புகோ மாநிலத்தின் தலைநகரான ரெசிஃபியில் 1975 ஜனவரி 30 அன்று பிறந்தார். அதே காலத்தில் சாவோ பாவ்லோ மாநிலத்தைச் சேர்ந்த மற்றொரு ஜூனின்யோவும் புகழுடன் விளங்கியதால், ஒருவரை ஜூனின்யோ பாவ்லிஸ்டா என்றும் இவரைத் தம் மாநிலத்தின் பெயரால் பெர்னம்புகானோ என்றும் பிரித்தழைக்கும் வழக்கம் உண்டாயிற்று.

ரெசிஃபி நகரின் ஸ்போர்ட் கிளப்பில் 1993 இல் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய அவர், 1995 இல் ரியோ டி ஜெனிரோவின் புகழ்பெற்ற வாஸ்கோ ட காமா கிளப்புக்குச் சென்றார். அங்கு அவர் இருந்த ஆறு ஆண்டுகளில் வாஸ்கோ 1997 ஆம் ஆண்டிலும் 2000 ஆம் ஆண்டிலும் பிரேசிலின் தேசியப் பட்டத்தை வென்றது. 1998 இல், தான் தொடங்கப்பட்ட நூறாவது ஆண்டில், தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கான மிக உயரிய போட்டியான கோபா லிபர்டடோரஸ் கோப்பையையும் கைப்பற்றியது.

அந்தக் கோப்பைக்கான பாதையில்தான் ஜூனின்யோவின் ஃப்ரீ கிக் முதன்முறையாகக் கண்டம் முழுவதும் பேசப்பட்டது. அரையிறுதியில் வாஸ்கோ எதிர்கொண்டது அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியை. சொந்த மண்ணில் நடந்த முதல் ஆட்டத்தை 1-0 என்ற கணக்கில் வென்றிருந்த வாஸ்கோ, புவெனஸ் அயர்ஸ் நகரின் மொனுமெண்டல் அரங்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிவை நெருங்கிய வேளையில் வெகு தொலைவிலிருந்து ஜூனின்யோ உதைத்த ஃப்ரீ கிக் கோலாகி ஆட்டத்தைச் சமன் செய்ய, வாஸ்கோ இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. அந்தக் கோலைப் போற்றி வாஸ்கோ ரசிகர்கள் இயற்றிக்கொண்ட பாட்டு இன்றும் அவர்களுடைய அரங்கில் ஒலிக்கிறது. அவ்வாண்டின் இறுதியில் டோக்கியோவில் நடந்த கண்டங்களுக்கிடையேயான கோப்பைப் போட்டியில் ரியல் மாட்ரிட் அணிக்கு எதிராகவும் ஜூனின்யோ கோல் அடித்தார். எனினும் வாஸ்கோ 1-2 என்ற கணக்கில் தோற்றது.

அவருடைய உடலுறுதிக்கும் ஈடுபாட்டுக்கும் 1999 செப்டம்பர் 7 சான்றாக நிற்கிறது. அன்று போர்ட்டோ அலெக்ரே நகரில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பிரேசிலின் தேசிய அணிக்காகக் களமிறங்கிய அவர், ஆட்டம் முடிந்ததும் விமானம் ஏறி உருகுவேயின் தலைநகரான மொண்டேவீடியோவுக்குச் சென்று, அதே நாளில் வாஸ்கோ அணிக்காகவும் விளையாடினார்.

லியோனின் ஏழு பட்டங்கள்

2001 இல் ஜூனின்யோ பிரான்சின் லியோன் நகரத்து ஒலிம்பிக் லியோன் கிளப்பில் சேர்ந்தார். 1950 இல் நிறுவப்பட்ட அந்தக் கிளப் அதுவரை பிரெஞ்சு லீக் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. அண்டை நகரான செயின்ட் எட்டியனோ பத்துப் பட்டங்களுக்கு உரிய பெருமையுடன் விளங்கியது. கிளப்பின் தலைவர் ழான் மிஷெல் ஓலாஸ், நிதியைக் கட்டுக்கோப்புடன் கையாண்டு, திறமையான வீரர்களை உரிய காலத்தில் சேர்த்து, அணியைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டிருந்த நேரம் அது. ஜூனின்யோ வந்த முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அதுவரை பட்டியலில் முதலிடத்தில் இருந்த லான்ஸ் அணியை லியோன் தன் சொந்த அரங்கான ழெர்லானில் சந்தித்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த லியோன் வென்றாக வேண்டிய அந்த ஆட்டம் 3-1 என்று முடிய, 2002 மே மாதத்தில் அந்நகரம் தன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றது.

அது தொடங்கி 2008 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் லியோனே பிரான்சின் வெற்றி அணி. அதற்கு முன் அந்நாட்டில் எந்தக் கிளப்பும் நான்கு பட்டங்களுக்கு மேல் தொடர்ச்சியாக வென்றதில்லை. இந்த ஏழு ஆண்டுகளில் சாந்தினி, லெகுவென், ஹூலியே, பெரான் எனப் பயிற்சியாளர்கள் நால்வர் மாறினர். எசியென், டியாரா, மலூடா போன்ற சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்கள் வந்து, பெரும் தொகைக்கு வேறு கிளப்புகளுக்குச் சென்றனர். அந்த மாற்றங்களுக்கிடையே அணியின் ஆட்டத்துக்குத் தொடர்ச்சியைத் தந்தவர்களுள் முதன்மையானவராகவும் பின்னாளில் அணித்தலைவராகவும் ஜூனின்யோ விளங்கினார். 2005-06 பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராக பிரெஞ்சு லீக்கின் வீரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர்.

எட்டு ஆண்டுகளில் லியோன் அணிக்காக 344 ஆட்டங்களில் 100 கோல்களை அவர் அடித்தார். அவற்றுள் 44 கோல்கள் நேரடி ஃப்ரீ கிக்குகளால் வந்தவை. முன்கள வீரர் அல்லாத ஒருவர் நூறு கோல் அடிப்பதே அரிது. அவற்றில் ஏறக்குறைய பாதி நிற்கும் பந்திலிருந்து வந்தது என்பது, எதிரணிகளின் ஆட்டமுறையையே மாற்றிய செய்தி. லியோனுக்கு எதிராக ஆடிய தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலிலிருந்து முப்பது மீட்டர் தொலைவிலும் தவறு செய்யத் தயங்க வேண்டியிருந்தது. அந்தத் தயக்கம் லியோனின் மற்ற ஆட்டக்காரர்களுக்கு விளையாட இடமளித்தது. ஒரு மனிதரின் வலது கால் எதிரணியின் தற்காப்பைப் பந்து உதைக்கப்படுவதற்கு முன்பே தளர்த்தியது என்று கூறினால் அது மிகையன்று.

ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டியிலும் அவருடைய உதை அஞ்சப்பட்டது. 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற ஜெர்மனியின் ஆலிவர் கான் காத்த கோலில், 2003 நவம்பரில் மியூனிக் நகரில் ஜூனின்யோ அடித்த ஃப்ரீ கிக் பயர்ன் மியூனிக் அணிக்கு எதிரான 2-1 வெற்றிக்கு வழிவகுத்தது. 2005 செப்டம்பரில் ரியல் மாட்ரிட் அணியை லியோன் 3-0 என்று வீழ்த்திய ஆட்டத்திலும் அவர் பெயர் கோல் பட்டியலில் இருந்தது. 2009 பிப்ரவரியில், அப்பருவத்தின் கோப்பையைப் பின்னர் வென்ற பார்சிலோனா அணிக்கு எதிராக, களத்தின் இடப்பக்க ஓரத்திலிருந்து அவர் உதைத்த பந்து, கோல்கீப்பர் விக்டர் வால்டெஸைத் தாண்டித் தொலைவிலுள்ள கம்பத்தை ஒட்டி உள்ளே சென்றது.

பந்து காற்றில் திசைமாறும் விதம்

ஜூனின்யோவின் தனித்தன்மையை உணர, உதைக்கப்பட்ட பந்தின் மீது காற்று செயல்படும் முறையைச் சற்று அறிவது தேவை. 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ள பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, 30 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஒரு நொடிக்குச் சற்று அதிகமான நேரமே ஆகிறது. அந்த நேரத்தின் முற்பகுதியில் தடுப்புச் சுவர் கோல்கீப்பரின் பார்வையை மறைக்கிறது. எஞ்சிய பகுதியில் பந்து செல்லும் திசையைக் கணித்து அவர் பாய வேண்டும். அந்தக் கணிப்பைப் பொய்யாக்க உதைப்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி சுழற்சி. பந்தை நடுவில் உதைக்காமல் ஓரமாக உதைத்தால் அது தன் அச்சில் வேகமாகச் சுழல்கிறது. சுழலும் பந்து தன் மேற்பரப்பை ஒட்டிய காற்றையும் தன்னோடு இழுப்பதால், பின்னால் கழியும் காற்றோட்டம் ஒரு பக்கமாகத் திருப்பப்பட்டு, அதற்கு எதிர்விசையாகப் பந்து மறுபக்கம் வளைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை விளக்கிய ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸ் பெயரால் இது மாக்னஸ் விளைவு எனப்படுகிறது. 1997 ஜூன் மாதம் பிரான்ஸ் அணிக்கு எதிராகப் பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ் ஏறக்குறைய 35 மீட்டர் தொலைவிலிருந்து அடித்த, வெளியே செல்வதுபோல் தோன்றி உள்ளே வளைந்த ஃப்ரீ கிக் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. அதை ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர்கள், வேகம் குறையக் குறையச் சுழலும் பந்தின் வளைவு மேலும் இறுகிச் சுருளாகும் என்று 2010 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். அந்தக் கோல் பிறந்த களம், நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜூனின்யோவின் சொந்தக் களமான அதே ழெர்லான் அரங்கமே ஆகும்.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது: பந்துக்குச் சுழற்சியே இல்லாமல் செய்வது. சுழலாத பந்தின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் மெல்லிய காற்றடுக்கு, பந்தின் பின்பக்கத்தில் எங்கே பிரிய வேண்டும் என்பதில் நிலைத்தன்மை அற்றதாகிறது. பந்தின் இணைப்பு விளிம்புகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதற்கேற்பவும், வேகம் குறையும்போது காற்றோட்டம் கொந்தளிப்பான நிலையிலிருந்து சீரான நிலைக்கு மாறுவதற்கேற்பவும், அப்பிரிவு ஒருகணம் ஒரு பக்கமும் மறுகணம் இன்னொரு பக்கமும் இடம் மாறுகிறது. அதனால் பந்து இடமும் வலமுமாக அலைந்து, சில வேளைகளில் திடீரெனத் தாழ்ந்தும் விடுகிறது. கிரிக்கெட் பந்தின் தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து வேகப்பந்து வீச்சாளர் அதைக் காற்றில் விலகச் செய்வதோடு இது உறவுடையது. ஆனால் அங்கே விலகும் திசை வீச்சாளருக்கு முன்பே தெரியும், இங்கே உதைத்தவரே அதை உறுதியாகக் கூற முடியாது. பேஸ்பால் ஆட்டத்தில் இவ்வகையில் சுழற்சியின்றி எறியப்படும் பந்துக்கு நக்கிள்பால் என்று பெயர். அப்பெயரே கால்பந்துக்கும் வந்துவிட்டது.

இந்த அலைவு வெளிப்படப் பந்து ஓரளவு தொலைவு பயணம் செய்ய வேண்டும் என்பதும் கருதத்தக்கது. மற்றவர்கள் பந்தைக் கோல் முன்னே தூக்கி அனுப்புவதோடு நின்றுவிடும் 30, 35 மீட்டர் தொலைவுகளிலிருந்து ஜூனின்யோ துணிந்து கோலை நோக்கி உதைத்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம். தொலைவு பிறருக்குத் தடையாக இருந்தபோது, அவருடைய நுட்பத்துக்கு அதுவே துணையாயிற்று.

உதையின் நுட்பம்

சுழற்சியில்லாமல் வேகமாக உதைப்பது சொல்லும் அளவுக்கு எளிதன்று. காலின் விசை பந்தின் மையத்தின் வழியாகச் செல்ல வேண்டும். சற்று விலகினாலும் பந்து சுழலத் தொடங்கிவிடும். ஜூனின்யோ பாதத்தின் உட்புற முன்பகுதியைக் கொண்டு பந்தின் நடுவில் அழுத்தமாக உதைப்பார். உதைத்தபின் காலை நீளமாக வீசிச் செல்ல விடாமல் குறுக்கி நிறுத்துவார். காலும் பந்தும் தொட்டிருக்கும் நேரத்தில் கணுக்கால் அசையாது இறுகியிருப்பதும், ஊன்றிய இடது கால் பந்துக்கு உரிய தொலைவில் அமைவதும், உடல் பின்னால் சாயாமல் இருப்பதும் ஒருங்கே அமைந்தால் மட்டுமே அந்த உதை கைகூடும். பயிற்சி முடிந்து மற்றவர்கள் களத்தை விட்டகன்ற பிறகும் தங்கியிருந்து ஃப்ரீ கிக்குகளை மீண்டும் மீண்டும் உதைப்பதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

அவரிடம் இருந்தது ஒரே வகை உதை என்று கருதுவது பிழை. அருகிலிருந்து உதைக்க நேர்ந்தால் தடுப்புச் சுவரின் மேலாக ஏறி உடனே இறங்கும் வளைவையும், தொலைவிலிருந்து சுழற்சியற்ற அலைவையும், பக்கவாட்டிலிருந்து இரண்டுக்கும் இடைப்பட்ட வேறொரு முறையையும் அவர் பயன்படுத்தினார். இந்த மூன்றாவது முறை தனியே விளக்கத் தக்கது. பக்கவாட்டிலிருந்து கோலின் மறுகம்பத்தை நோக்கிப் பந்தை அவர் அனுப்பும்போது, தம் அணியினர் எவரேனும் தலையால் தொட்டாலும் கோலாகும், எவரும் தொடாவிட்டாலும் கோலாகும் என்ற வகையில் அதன் பாதை அமைந்திருக்கும். யாரேனும் தொடுவார்களா என்று காத்திருந்தால் பந்து தாண்டிவிடும். காத்திராமல் பாய்ந்தால் யாரேனும் தொட்டுத் திசைமாற்றிவிடுவர் என்ற இக்கட்டில் கோல்கீப்பர் சிக்குவார். பார்சிலோனாவுக்கு எதிரான கோல் இவ்வகையைச் சேர்ந்ததே.

பிரேசிலின் கால்பந்து வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1958 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியின் நடுக்கள மேதையான டிடி, தம் ஃப்ரீ கிக் எதிர்பாராமல் தாழ்ந்து இறங்கும் வகையில் உதைத்ததால், அதற்குக் காய்ந்த இலை என்று பொருள்படும் பெயரை ரசிகர்கள் சூட்டினர். அந்த மரபின் வழிவந்த ஜூனின்யோ, அதை நீண்ட தொலைவுக்கும் மிகுந்த வேகத்துக்கும் விரிவாக்கினார் எனலாம். பிற்காலத்தில் தையலுக்கு மாறாக வெப்பத்தால் ஒட்டப்பட்ட, குறைந்த துண்டுகள் கொண்ட பந்துகள் வந்தபோது, குறிப்பாக எட்டே துண்டுகளால் ஆன 2010 உலகக் கோப்பைப் பந்தின்போது, இந்த அலைவுக்குப் பந்தின் அமைப்பே காரணம் என்ற பேச்சு எழுந்தது. பந்தின் அமைப்புக்கு அதில் பங்குண்டு என்பது உண்மையே. ஆயினும் ஜூனின்யோவின் புகழ்பெற்ற கோல்களில் பல அத்தகைய பந்துகள் வருவதற்கு முன்பே அடிக்கப்பட்டவை என்பதால், அவருடைய சாதனையைப் பந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

தேசிய அணியும் இறுதி ஆண்டுகளும்

பிரேசிலின் தேசிய அணியில் ஜூனின்யோ தம் தகுதிக்குரிய இடத்தை நெடுங்காலம் பெறவில்லை. ரிவால்டோ, ரொனால்டினோ, காகா போன்றோர் நிறைந்த காலம் அது. 2002 உலகக் கோப்பையை வென்ற அணியில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 2005 இல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்த அவர், 2006 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராகத் தொலைவிலிருந்து ஓர் அழகிய கோல் அடித்தார். அத்தொடரின் காலிறுதியில் பிரான்சிடம் பிரேசில் தோற்றதும், இளையவர்களுக்கு வழிவிடத் தேசிய அணியிலிருந்து விலகினார்.

2009 மே மாதத்தில் லியோனுக்கான தம் கடைசி ஆட்டத்தில் நூறாவது கோலை அடித்து விடைபெற்ற அவர், கத்தார் நாட்டின் அல் கராஃபா கிளப்பில் இரண்டு ஆண்டுகள் விளையாடினார். பின்னர் 2011 இல் வாஸ்கோவுக்குத் திரும்பியபோது, பெருந்தொகை கேட்காமல் நாட்டின் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். திரும்பிவந்த முதல் ஆட்டத்திலேயே, 36 வயதில், கொரிந்தியன்ஸ் அணிக்கு எதிராக ஃப்ரீ கிக் ஒன்றைக் கோலாக்கினார். 2013 இல் அமெரிக்காவின் நியூயார்க் ரெட் புல்ஸ் அணியில் சிறிது காலம் இருந்துவிட்டு, மீண்டும் வாஸ்கோவுக்கு வந்து, 2014 இன் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். 2019 இல் லியோன் கிளப்பின் விளையாட்டு இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவர் அப்பொறுப்பில் இருந்தபோது, 2020 ஆகஸ்டில், லியோன் அணி யுவென்டஸையும் மான்செஸ்டர் சிட்டியையும் வெளியேற்றிச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எட்டியது.

விட்டுச்சென்ற மரபு

ஒரு கலைஞரின் தகுதியை அளக்க, அவரிடமிருந்து பிறர் என்ன கற்றனர் என்று பார்ப்பது நேர்மையான வழி. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஆண்ட்ரியா பிர்லோ, தம் தன்வரலாற்று நூலில், ஜூனின்யோவின் ஃப்ரீ கிக்குகளைக் காணொளிகளிலும் படங்களிலும் கூர்ந்து ஆராய்ந்ததையும், காலின் எந்தப் பகுதி பந்தைத் தொடுகிறது என்ற ஐயத்துக்கு விடை காணப் பலமுறை முயன்று தோற்றதையும், இறுதியில் மூன்று விரல்கள் மட்டும் பந்தின் கீழ்ப்பகுதியைத் தொட வேண்டும் என்று கண்டுகொண்டதையும் விரிவாக எழுதியிருக்கிறார். 2008 இல் பதினெட்டு வயதில் லியோனில் சேர்ந்த போஸ்னியாவின் மிராலெம் பியானிச் அவரருகே பயிற்சி பெற்று, பின்னாளில் இத்தாலியின் சிறந்த ஃப்ரீ கிக் ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். கிறிஸ்டியானோ ரொனால்டோ, கேரத் பேல், ஜப்பானின் கெய்சுகே ஹோண்டா ஆகியோர் சுழற்சியற்ற உதையை உலகின் பெரிய அரங்குகளில் நிலைநிறுத்தியபோது, அந்த வகை உதைக்கு ஜூனின்யோவின் பெயர் அளவுகோலாக நின்றது.

லியோன் கிளப்பின் வரலாறும் அவருடைய பங்கைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர் வருவதற்கு முன் அரை நூற்றாண்டில் அக்கிளப் ஒரு லீக் பட்டமும் பெறவில்லை. 2008 இல் பெற்ற ஏழாவது பட்டத்துக்குப் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எட்டாவது கிட்டவில்லை. அணியின் வெற்றி பலருடைய கூட்டு உழைப்பால் அமைவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஏழு பட்டங்களின் காலமும் ஜூனின்யோவின் காலமும் ஒன்றாகவே அமைந்தது தற்செயலன்று.

உலகக் கோப்பைகளையும் விருதுகளையும் மட்டும் கணக்கிடும் பட்டியல்களில் ஜூனின்யோ பெர்னம்புகானோவின் பெயர் முன்வரிசையில் வருவதில்லை. அந்தப் பட்டியல்களின் குறையே அது. நிற்கும் ஒரு பந்தை எவ்வாறு உதைக்க வேண்டும் என்ற ஒற்றைக் கேள்விக்குத் தம் உழைப்பை ஒப்படைத்து, கண்டடைந்த விடையைக் களத்தில் எல்லோரும் காணச் செய்த அவர், ஃப்ரீ கிக்கின் வரலாற்றில் முதலிடத்துக்கு உரியவர்.